கேள்வியை மறக்காத குறிப்பேடு

கடைக்கு வருகிற ஒருவர் எடுத்த எடுப்பிலேயே பொருளை வாங்கிவிடுவதில்லை. முதலில் கேள்வி கேட்கிறார். "என்ன விலை? எங்கள் வீட்டுக்கு ஒத்துவருமா? எத்தனை நாளில் முடியும்?" மளிகைக் கடையில் இந்தக் கேள்விக்கும் விற்பனைக்கும் நடுவே ஒரு நிமிடம்கூட இருப்பதில்லை. ஆனால், கிணற்றுக்கு மோட்டார் இறக்குபவர், கல்யாணச் சமையல் ஒப்பந்தம் எடுப்பவர், கதவு ஜன்னல் செய்யும் தச்சர், மொட்டைமாடியில் சோலார் தகடு பொருத்துபவர் ஆகியோரின் தொழிலில் அந்த இடைவெளி வாரக்கணக்கில் நீளும். கேட்டவர் யோசிப்பார், வீட்டில் கலந்து பேசுவார், வேறு இரண்டு இடங்களிலும் விசாரித்துப் பார்ப்பார். அதுவரையில் அவருடைய கேள்வியைக் கடைக்காரர் எங்கே பத்திரப்படுத்தி வைப்பது?

வணிகர்கள் இதனை ‘என்கொயரி’ என்கிறார்கள். வாங்கக்கூடும் என்று தோன்றும் விசாரிப்பை ‘லீட்’ என்றும் சொல்கிறார்கள். நாம் விசாரிப்பு என்றே வைத்துக்கொள்வோம். விசாரிப்பைப் பதிவு செய்து, மறக்காமல் தொடர்ந்து சென்று, முடிவு காணும் வேலையை ஒரு கணிப்பொறியிடம் ஒப்படைப்பது எப்படி என்பதே இக்கட்டுரையின் பொருள். "இது வியாபாரம் ஆயிற்றே, இதில் விஞ்ஞானம் எங்கே வந்தது?" என்று கேட்கத் தோன்றும். பொறுங்கள். தண்ணீர்த் தொட்டியும், ஒலிபெருக்கியின் ஊளையும், பதினொன்றாம் வாய்ப்பாடும் வரிசையாக வரப்போகின்றன.

என்னிடம் இயற்பியல் படித்த மாணவர் ஒருவர் வீட்டு மாடிகளில் சோலார் தகடு பொருத்தும் சிறு நிறுவனம் நடத்தி வருகிறார். அவரையும் சேர்த்து நான்கு பேர். இருவர் மின்பணியாளர்கள். நான்காமவர் அலுவலகத்தில் இருந்து தொலைபேசியை எடுத்துப் பேசி, நீளமான கணக்குநோட்டில் விசாரிப்புகளை எழுதிவைக்கும் அம்மாள். 2024ஆம் ஆண்டு பிப்ரவரியில் மத்திய அரசு வீட்டு மாடி சோலாருக்கான புதிய மானியத் திட்டத்தைத் தொடங்கியது. 1 கிலோவாட்டுக்கு 30,000 ரூபாய், 2 கிலோவாட்டுக்கு 60,000 ரூபாய், 3 கிலோவாட்டும் அதற்கு மேலும் 78,000 ரூபாய் என்று அறிவிப்பு வந்தது. உடனே தொலைபேசி ஓயாமல் அடிக்கத் தொடங்கிற்று. நல்ல செய்திதானே என்கிறீர்களா? அந்த ஆண்டின் நடுவில் ஒருநாள் இரவு அவர் நோட்டைப் பின்னோக்கிப் புரட்டிப் பார்த்தார். முதல்முறை பேசியதற்குப் பிறகு ஒன்றுமே எழுதப்படாத வரிகள் பக்கத்துக்குப் பக்கம் இருந்தன. அவர்களை யாரும் திரும்ப அழைக்கவில்லை. இத்தனை பேர் கேட்டும், அடுத்த வாரம் மின்பணியாளர் இருவருக்கும் வேலையில்லை என்ற நிலை! நாள்கூலிக்காரருக்கு வேலையில்லாத வாரம் என்றால் என்ன என்பதை நான் விளக்க வேண்டியதில்லை.

அந்த அம்மாள் கவனக்குறைவானவரா? இல்லவே இல்லை. குற்றம் அவருடையதன்று, எண்ணிக்கையினுடையது.

தொட்டிக் கணக்கு

ஒரு தண்ணீர்த் தொட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். மேலிருந்து நிமிடத்துக்கு 20 லிட்டர் விழுகிறது. கீழே அதே அளவு வெளியேறுகிறது. தொட்டியில் எப்போதும் 400 லிட்டர் நிற்கிறது. ஒரு துளி நீர் தொட்டிக்குள் சராசரியாக எவ்வளவு நேரம் தங்கும்? 400ஐ 20ஆல் வகுத்தால் 20 நிமிடம். அதாவது,

தேங்கி நிற்பது = வரும் வேகம் × தங்கும் நேரம்

இது வெறும் தொட்டிக்கு மட்டுமான கணக்கன்று. வங்கியில் நிற்கும் வரிசைக்கும், மருத்துவமனையில் படுத்திருக்கும் நோயாளிகளுக்கும், துறைமுகத்துக்கு வெளியே காத்திருக்கும் கப்பல்களுக்கும் இது பொருந்தும். வருவது ஒழுங்காக வந்தாலும் தாறுமாறாக வந்தாலும், நீண்டகாலச் சராசரியில் நிலைமை மாறாமல் இருந்தால் போதும். இதனை 1961இல் ஜான் லிட்டில் என்ற அமெரிக்க அறிஞர் கணித முறையில் நிறுவினார். ஆதலால் லிட்டில் விதி என்றே பெயர். பார்க்க மிக எளிதாக இருக்கிறது. ஆயினும் எந்தவிதமான வரிசைக்கும் பொருந்தும் என்று நிறுவ 1961 வரை காத்திருக்க வேண்டியிருந்தது!

இப்போது நம் கடைக்கு வருவோம். நாளொன்றுக்கு 6 விசாரிப்புகள் வருவதாக வைத்துக்கொள்வோம். ஒரு விசாரிப்பு ‘சரி’ என்றோ ‘வேண்டாம்’ என்றோ முடிய 15 நாள் ஆகிறது என்போம். அப்படியானால் எந்த நேரத்திலும் 6 × 15 = 90 விசாரிப்புகள் நடுவழியில் நிற்கும். 90 வீடுகள், 90 பெயர்கள், 90 விதமான ‘அடுத்து என்ன செய்ய வேண்டும்’கள். எவ்வளவு கூர்மையான நினைவாற்றல் உடையவரும் இவற்றைத் தலையில் வைத்துக்கொண்டு திரிய இயலாது. நோட்டு இவற்றை ஏந்தும். ஆனால் நோட்டு, தானாக வாய் திறந்து, "இன்று இவரை அழை" என்று சொல்லாது. அதுதான் அதன் குறை.

இன்னொரு சங்கடமும் உண்டு. நாளுக்கு 6 என்பது சராசரி. நாள்தோறும் சரியாக 6 வரும் என்று எண்ணினால் ஏமாந்துபோவீர்கள். டென்மார்க்கின் கோபன்ஹேகன் தொலைபேசி நிறுவனத்தில் பணிபுரிந்த எர்லாங் என்ற கணித அறிஞர், தொலைபேசி அழைப்புகள் வருவதிலும் ஒரு விதி இருப்பதை 1909இல் வெளியிட்ட கட்டுரையில் காட்டினார். ஒருவரையொருவர் அறியாத பலர், தத்தம் விருப்பப்படி அழைக்கும்போது அழைப்புகள் பாய்சான் பரவல் என்னும் ஒழுங்கில் அமைகின்றன. கதிரியக்கப் பொருளிலிருந்து ஒரு விநாடியில் எத்தனை துகள்கள் வெளிப்படும் என்பதற்கும் அதே பரவல்தான். சராசரி 6 என்றால், ஒரு நாளில் 10 அல்லது அதற்கு மேல் வருவதற்கு நூற்றுக்கு 8 வாய்ப்பு இருக்கிறது. மாதத்துக்கு இரண்டு நாளாவது அப்படி அமையும். யாரும் திட்டமிடாமலேயே விசாரிப்புகள் கும்பலாக வந்து விழும் நாட்கள் அவை. நோட்டில் அரைகுறையாக எழுதப்பட்ட வரிகள் பெரும்பாலும் இத்தகைய நாட்களில் பிறந்தவை.

படிவம் கேட்கும் கேள்விகள்

தானியங்கி முறையின் முதல் உறுப்பு படிவம். விசாரிப்பவரே தம் கைபேசியில் சில கட்டங்களை நிரப்பி அனுப்புகிறார். கட்டத்துக்கு ஒரு செய்தி. செய்திக்கு ஒரு கட்டம். இந்த ஏற்பாட்டுக்கு நூற்றாண்டைத் தாண்டிய சரித்திரம் உண்டு.

அமெரிக்காவில் 1880ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் விவரங்களைக் கையால் தொகுத்து முடிக்கவே ஏழெட்டு ஆண்டுகள் ஆயின. ஹெர்மன் ஹொலரித் என்ற பொறியாளர் இதற்கொரு வழி கண்டார். ரயில் டிக்கெட் பரிசோதகர் ஒருவர், பயணியின் தலைமுடி நிறம், கண்ணின் நிறம் ஆகியவற்றைக் குறிக்கும் வகையில் டிக்கெட்டில் துளையிடுவதை அவர் கண்டிருந்தார். அந்த நினைவே அவருக்குக் கைகொடுத்தது. ஒவ்வொரு மனிதருக்கும் ஓர் அட்டை; ஒவ்வொரு செய்திக்கும் அட்டையில் ஓர் இடம்; பொருந்தும் இடத்தில் துளை. அட்டையின் மேல் ஊசிகளை இறக்கினால், துளையுள்ள இடத்தில் மட்டும் ஊசி கீழே நுழைந்து, அங்குள்ள சிறு கிண்ணத்துப் பாதரசத்தைத் தொடும். மின்சுற்று முழுமையடையும். அதற்கான முகப்பில் முள் ஓர் எண் நகரும். 1890ஆம் ஆண்டு கணக்கெடுப்பில் பயன்பட்ட பொறியில் இப்படி 40 முகப்புகள் இருந்தன. அட்டை சரியாகப் படிக்கப்பட்டதும் மணி ஒலிக்கும். அதோடு நிற்கவில்லை, பக்கத்திலிருந்த பெட்டியில் பொருத்தமான அறையின் மூடி தானே திறந்துகொள்ளும். ஊழியர் அட்டையை அதில் போட வேண்டியதுதான். அவர் தொடங்கிய நிறுவனம் 1911இல் வேறு சில நிறுவனங்களுடன் இணைந்தது. 1924இல் அந்தக் கூட்டு நிறுவனம் ஐ.பி.எம். என்று பெயர் மாற்றம் பெற்றது.

நம் கைபேசிப் படிவம் செய்வதும் அதே வேலைதான்: செய்தியை இடம் ஒதுக்கிப் பதித்தல், சரியா என்று மணியடித்துச் சொல்லல், உரிய அறையைத் திறந்துவிடல். பாதரசத்துக்குப் பதில் சிலிக்கன்.

ஆனால், எந்தக் கேள்வியைக் கேட்பது என்பதைப் பொறி சொல்லாது. அதில்தான் மனித மூளை வேண்டும். என் மாணவர் தயாரித்த முதல் படிவத்தில், "உங்கள் மின் உபயோகம் எத்தனை யூனிட்?" என்று ஒரு கட்டம் இருந்தது. எதார்த்தமான கேள்வியாகத்தான் தோன்றுகிறது, இல்லையா? தமிழ்நாட்டில் வீட்டு மின்சாரத்தை இரண்டு மாதங்களுக்கு ஒருமுறை கணக்கெடுக்கிறார்கள். ஒரு வீட்டுக்காரர் மின்கட்டண ரசீதைப் பார்த்து 480 என்று எழுதினார் என்போம். 60 நாளுக்கு 480 என்றால் நாளுக்கு 8 யூனிட். நம் வெயிலில் 1 கிலோவாட் தகடு சராசரியாக நாளுக்கு ஏறத்தாழ 4 யூனிட் தரும். எனவே அவருக்கு 2 கிலோவாட் போதும். 480ஐ ஒரு மாதத்துக்கு உரியதாக எடுத்துக்கொண்டாலோ நாளுக்கு 16 யூனிட். 4 கிலோவாட் என்று விடை வரும்! இரு மடங்கு விலையைக் கேட்டவர் மறுபடி இந்தக் கடைப்பக்கம் எட்டிப் பார்ப்பாரா? இப்போது அந்தக் கட்டத்தில், "கடைசி ரசீதில் (இரண்டு மாதங்களுக்கு) உள்ள யூனிட்" என்று இருக்கிறது. அலகைச் சொல்லாத அளவு அளவே அன்று என்று நான் வகுப்பில் கரடியாய்க் கத்துவது இதற்காகத்தான்.

மற்றொரு கட்டம் அந்த அம்மாள் சொல்லிச் சேர்த்தது. அவருடைய பழைய நோட்டின் ஓரங்களில், "மாமனார் ஊரிலிருந்து வரவேண்டும்", "தம்பி சம்மதிக்கவில்லை" என்றெல்லாம் சிறு எழுத்தில் குறிப்புகள் இருக்கும். மின் இணைப்பு யார் பெயரில் இருக்கிறதோ அவர் சம்மதமில்லாமல் வேலை நகராது; விசாரிப்பவரோ பெரும்பாலும் வீட்டு மகனோ மருமகளோ. ஆதலால் "மின் இணைப்பு யார் பெயரில்?" என்ற கட்டம் வந்தது. பொறியியல் பட்டதாரி எவருக்கும் இது தோன்றியிருக்காது என்பது என் துணிபு. நோட்டின் ஓரங்களைப் படித்துவிட்டுப் படிவம் தயாரிப்பதே சரியான வழி.

கட்டங்களைக் கூட்டிக்கொண்டே போவதும் தவறு. 20 கேள்விகள் கேட்டால் பாதியில் கைபேசியை மூடிவிடுவார்கள். பெயர், தொலைபேசி எண், ஊர், யூனிட், நிழல் விழாத மாடிப் பரப்பு, இணைப்பு யார் பெயரில் என்று ஆறு கட்டங்களே இப்போது உள்ளன. 1 கிலோவாட்டுக்கு ஏறத்தாழ 100 சதுர அடி வேண்டும் என்பதால் பரப்பும் தேவைப்படுகிறது.

ஏழாவது கட்டம் ஒன்றும் உண்டு. அது மனிதர் கண்ணுக்குத் தெரியாது! இணையத்தில் திறந்து கிடக்கும் படிவங்களைத் தேடித் தேடிக் குப்பை விளம்பரங்களால் நிரப்பும் நிரல்கள் இரவு பகலாக உலவுகின்றன. அவை பக்கத்தைக் கண்ணால் பார்ப்பதில்லை. அதன் உட்குறிப்பைப் படித்து, காணும் கட்டத்தையெல்லாம் நிரப்பும். ஆகவே திரையில் தோன்றாதபடி ஒரு கட்டத்தை மறைத்து வைக்கிறார்கள். அதில் ஏதேனும் எழுதப்பட்டு வந்தால் அனுப்பியது மனிதரன்று என்று ஒதுக்கிவிடலாம். எலிப்பொறியில் தேங்காய்ச் சில்லு வைப்பது போலத்தான்.

ஒருவர், ஒரு வரி

நிரப்பிய படிவம் கணிப்பொறியில் ஓர் அட்டவணையின் ஒரு வரியாகப் போய் அமர்கிறது. வரிக்கு ஒரு விசாரிப்பு. இதற்குப் பெரிய மென்பொருள் எதுவும் தேவையில்லை. கூகுள் படிவமும் அதனோடு இணைந்த அட்டவணையும் போதும் என்று என் மாணவர் அவற்றிலேயே தொடங்கினார்.

அட்டவணை என்றவுடன் ஒரு பெயரைச் சொல்ல வேண்டும். எட்கர் காட் என்பவர் ஐ.பி.எம். ஆய்வுக்கூடத்தில் பணிபுரிந்தபோது 1970இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். செய்தித் தொகுப்புகளை எல்லாம் வரிகளும் பத்திகளும் கொண்ட அட்டவணைகளாகவே அமைக்கலாம். ஒவ்வொரு வரியையும் மற்ற வரிகளிலிருந்து பிரித்துக் காட்ட ஒரு திறவுகோல் வேண்டும் என்பது அதன் சாரம். இன்று வங்கிகளும் ரயில்வே முன்பதிவும் இந்த அடிப்படையில் இயங்குகின்றன.

நம் கடைக்குத் திறவுகோல் எது? பெயரா? ஒரே ஊரில் எத்தனை முருகேசன்கள், எத்தனை லட்சுமிகள்! தொலைபேசி எண் பரவாயில்லை. ஆனால் அதே எண்ணை ஒருவர் முன்னால் +91 சேர்த்து எழுதுவார். ஒருவர் 0 சேர்ப்பார். இன்னொருவர் நடுவில் இடம் விட்டு எழுதுவார். கணிப்பொறிக்கு இவை மூன்றும் மூன்று வெவ்வேறு மனிதர்கள். எனவே இலக்கம் அல்லாதவற்றை நீக்கி, வலப்பக்கத்திலிருந்து 10 இலக்கங்களை மட்டும் எடுத்துக்கொள்ளும்படி கட்டளை எழுத வேண்டும். திங்களன்று கணவரும், வியாழனன்று மனைவியும் வேறு வேறு கைபேசியிலிருந்து கேட்டால்? கணிப்பொறி கண்டுபிடிக்காது. அந்த அம்மாள் கண்டுபிடித்துவிடுவார். குரலும் தெருப்பெயரும் அவருக்கு நினைவிருக்கும்.

வரி ஒவ்வொன்றிலும் ‘நிலை’ என்று ஒரு பத்தி உண்டு. புதியது, பேசியாயிற்று, மாடியைப் பார்த்தாயிற்று, கொட்டேஷன் கொடுத்தாயிற்று, வேலை உறுதி, வேண்டாம் என்று ஆறு நிலைகள். அணுவில் எலெக்ட்ரான் குறிப்பிட்ட ஆற்றல் படிகளில் மட்டுமே இருக்கலாம், இரண்டு படிகளுக்கு நடுவே தொங்க முடியாது என்று படித்திருப்பீர்கள். அதுபோல் ஒரு விசாரிப்பும் எந்த நேரத்திலும் இந்த ஆறில் ஒன்றில்தான் இருந்தாக வேண்டும். "பாதி பேசியிருக்கிறேன்" என்பதற்கு இடமில்லை. இந்தக் கண்டிப்பினால் கிடைப்பது பெரிய லாபம்: எந்தப் படியில் எத்தனை பேர் தேங்கி நிற்கிறார்கள் என்பது ஒரு பார்வையில் தெரிந்துவிடுகிறது. மாடியைப் பார்த்தபின் கொட்டேஷன் கொடுக்காமல் பலர் நின்றால், அடைப்பு அந்த இடத்தில் என்று பொருள். வேலையாட்களைக் கடிந்துகொள்வதற்கு முன் குழாயில் அடைப்பு எங்கே என்று பார்ப்பது நல்லதல்லவா?

நினைவூட்டும் கடிகாரம்

இனித்தான் தானியங்கியின் உயிர்ப்பகுதி. காலை 9 மணிக்கு ஒரு சிறு நிரல் தானே விழித்துக்கொண்டு அட்டவணையின் மேல் வரியிலிருந்து கீழ் வரி வரை படிக்கிறது. ‘புதியது’ என்ற நிலையில் ஒரு நாளுக்கு மேல் கிடப்பவை எவை? ‘கொட்டேஷன் கொடுத்தாயிற்று’ என்ற நிலையில் 5 நாளுக்கு மேல் கிடப்பவை எவை? அவற்றை மட்டும் பொறுக்கி, "இன்று அழைக்க வேண்டியவர்கள்" என்று ஒரு பட்டியலை அந்த அம்மாளின் கைபேசிக்கு அனுப்புகிறது. அவ்வளவே. 90 வரிகளில் அன்றைக்கு உரிய பத்துப் பன்னிரண்டு மட்டும் அவர் கண்முன் நிற்கும்.

நாட்களை நிரல் எப்படி எண்ணுகிறது? ஜனவரி 27க்கும் பிப்ரவரி 4க்கும் இடையே எத்தனை நாள் என்று நாம் விரல்விட்டு எண்ணுவோம். அட்டவணை நிரல்களோ ஒவ்வொரு தேதியையும் ஒரே தொடரில் வரும் ஓர் எண்ணாக மாற்றி வைத்துக்கொள்கின்றன. எக்செல் கணக்கில் 1900ஆம் ஆண்டு ஜனவரி 1ஆம் தேதி என்பது 1. அப்படியே எண்ணிக்கொண்டு வந்தால் 2025 ஜனவரி 1 என்பது 45,658. ஜனவரி 27 என்பது 45,684. பிப்ரவரி 4 என்பது 45,692. கழித்தால் 8. மாதம் மாறினாலும் ஆண்டு மாறினாலும் கழித்தல் ஒன்றுதான்.

இதில் ஒரு வேடிக்கை. 1900 லீப் ஆண்டு அன்று. நூறால் வகுபட்டு நானூறால் வகுபடாத ஆண்டு. ஆனால் எக்செல் கணக்கில் 1900 பிப்ரவரி 29 என்று இல்லாத ஒரு நாள் இருக்கிறது! அதற்கு முன்பிருந்த லோட்டஸ் 1-2-3 என்ற நிரலில் இருந்த பிழை அது. பழைய கோப்புகள் கெட்டுவிடக் கூடாதே என்று தெரிந்தே அப்படியே வைத்துக்கொண்டார்கள். 1900ஆம் ஆண்டில் சோலார் தகடு விசாரித்தவர் யாருமில்லை என்பதால் நம் கடைக்கு நட்டமில்லை.

படிவம் வந்தவுடன், "உங்கள் விசாரிப்பு கிடைத்தது, நாளைக்குள் அழைக்கிறோம்" என்று உடனடிப் பதில் அனுப்பவும் நிரலுக்குக் கற்றுக்கொடுக்கலாம். இங்கே ஓர் ஆபத்து ஒளிந்திருக்கிறது. விழா மேடையில் ஒலிவாங்கியை ஒலிபெருக்கிக்கு முன் கொண்டுபோனால் காதைத் துளைக்கும் ஊளை எழும். ஒலிவாங்கி வாங்கியதைப் பெருக்கி ஒலிபெருக்கி வெளியிட, அதையே ஒலிவாங்கி மறுபடி வாங்க, சுற்றிச் சுற்றிப் பெருகுகிறது. நேர்ப் பின்னூட்டம் என்பது இதுதான். இப்போது, கேட்டவருடைய மின்னஞ்சலிலும், "நான் வெளியூரில் இருக்கிறேன், பிறகு பதில் எழுதுகிறேன்" என்று தானே பதில் அனுப்பும் ஏற்பாடு இருந்தால் என்ன ஆகும்? கடையின் நிரல் பதில் அனுப்பும். அதற்கு அவருடைய நிரல் பதில் அனுப்பும். அதற்குக் கடை நிரல் மறுபடியும். இரண்டு ஊமைப் பொறிகள் விடிய விடிய வணக்கம் சொல்லிக்கொண்டிருக்கும். ஒரு கடிதத்துக்கு ஒரு பதில் என்றால் பெருக்கம் 1; ஊளை அடங்காது. பெருக்கத்தை ஒன்றுக்குக் கீழே இறக்கியாக வேண்டும். ஒரு முகவரிக்கு ஒரு நாளில் ஒரே ஒரு தானியங்கிப் பதில் என்ற ஒற்றை வரிக் கட்டுப்பாடு போதும், சுற்று அறுந்துவிடும்.

கொட்டேஷனையும் நிரலே போட்டு அனுப்பட்டுமே என்று என் மாணவர் ஒருமுறை ஆசைப்பட்டார். யூனிட்டும் பரப்பும் இருந்தால் கிலோவாட் கணக்குப் போடுவது இரண்டு வரி வேலை. அந்த அம்மாள் ஒப்பவில்லை. பக்கத்து வீட்டுத் தென்னைமரம் பிற்பகல் 3 மணிக்கு மாடியில் நிழல் போடுமா என்று படிவத்துக்குத் தெரியுமா என்று கேட்டார். தகட்டில் ஒரு மூலையில் விழும் நிழல்கூட, தொடராக இணைந்த மற்ற தகடுகளின் மின்னோட்டத்தையும் குறைத்துவிடும். தொடர் இணைப்பில் மின்னோட்டம் எங்கும் ஒன்றே என்று படித்த நாம் அவர் பக்கம்தான் பேச வேண்டும். இன்றும் மாடியை நேரில் பார்த்த பிறகே விலை சொல்கிறார்கள். இந்தத் தொழிலில் தானியங்கியின் எல்லை மாடிப்படியோடு முடிகிறது என்பது என் கருத்தும்.

தானியங்கி வந்தால் அவருடைய வேலை போய்விடுமோ என்ற கவலை அவருக்கே முதலில் இருந்தது. இப்போது எழுதும் வேலை குறைந்து, பேசும் வேலை கூடியிருக்கிறது. வேறொரு கடையில் முதலாளி, "எழுத ஆள் எதற்கு?" என்று முடிவு செய்திருக்கவும் கூடும், அதை நிரல் தீர்மானிப்பதில்லை, முதலாளிதான் தீர்மானிக்கிறார்.

பூட்ட வேண்டிய அட்டவணை

ஒரு வீட்டின் விலாசம், தொலைபேசி எண், மின் உபயோகம், மாடியின் படம் ஆகிய அனைத்தும் ஒரே வரியில் இருப்பதைக் கவனித்தீர்களா? கைபேசியில் எடுக்கும் படத்தினுள் அந்த இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகை எண்களும் பல சமயம் பதிந்துவிடுகின்றன. வீடு பூட்டிக் கிடக்கும் நாட்களைக்கூட மின் உபயோகத்திலிருந்து ஊகிக்கலாம். பழைய நோட்டு மேசை இழுப்பறையில் இருந்தது. திருட வேண்டுமானால் கடைக்குள் நுழைய வேண்டும். அட்டவணையின் முகவரியை யாரிடமாவது தவறிக் கொடுத்துவிட்டால் உலகமே படிக்கலாம். நம் நாட்டில் தனிநபர் தரவுப் பாதுகாப்புக்கென 2023இல் சட்டம் இயற்றப்பட்டது. எந்த வேலைக்காகக் கேட்டோமோ அந்த வேலைக்கு மட்டும் பயன்படுத்த வேண்டும், வேலை முடிந்தால் வைத்திருக்கக் கூடாது என்பன அதன் முக்கியக் கருத்துகள். ‘வேண்டாம்’ என்று முடிந்த வரிகளின் பெயரையும் எண்ணையும் குறிப்பிட்ட காலத்துக்குப் பின் அழிக்கும் கட்டளையையும் காலை 9 மணி நிரலிலேயே சேர்த்துவிடலாம்.

கடைசியாக, ஒரு சிறு கணித வேலைப்பாடு. விசாரித்தவர் மறுபடி அழைக்கும்போது தம் வரிசை எண்ணைச் சொல்கிறார். தொலைபேசியில் ‘முந்நூற்றுப் பதினாறு’ என்றது ‘முந்நூற்று அறுபத்தொன்று’ ஆகிவிட்டால் வேறொருவர் வீட்டுக் கணக்கை அல்லவா இவரிடம் சொல்லிவிடுவோம்! இதைத் தடுக்க எண்ணுக்குப் பின்னால் ஒரு காவல் இலக்கம் சேர்க்கிறார்கள். பழைய பத்து இலக்கப் புத்தக எண்ணில் இருந்த முறையே இதுவும். 316 என்ற எண்ணில் முதல் இலக்கத்தை 4ஆலும், அடுத்ததை 3ஆலும், கடைசியை 2ஆலும் பெருக்கிக் கூட்டுங்கள்: 12 + 3 + 12 = 27. இதோடு எதைச் சேர்த்தால் 11ஆல் வகுபடும்? 6. எனவே எண் 316-6. யாராவது 361-6 என்றால், 12 + 18 + 2 = 32, அதனோடு 6 சேர்த்து 38; 11ஆல் வகுபடவில்லை. கணிப்பொறி உடனே சிவப்பு காட்டும். 11 பகா எண் என்பதால், ஓர் இலக்கம் மாறினாலும், இரண்டு இலக்கங்கள் இடம் மாறினாலும் இந்த வலையிலிருந்து தப்ப முடியாது. ஏன் என்று நீங்களே நிறுவிப் பாருங்கள். 10 சேர்க்க வேண்டிவரும் எண்களை (247 ஒன்று) யாருக்கும் கொடுக்காமல் தாண்டிவிடலாம்.

இரண்டு இலக்கங்கள் ஒரே சமயத்தில் தவறினால்? 218-6 என்பதற்குக் கூட்டிப் பாருங்கள். 8 + 3 + 16 = 27. அதுவும் தேறிவிடுகிறது! அந்த அம்மாள் எண்ணைக் கேட்டுத் தட்டிய பிறகும், "எந்த ஊர், யார் பேசறீங்க?" என்று ஒருமுறை கேட்டுக்கொள்கிறார்.